மாப்பிள்ளை முழுகாமல் இருந்தபோது

என் வீட்டுக்காரருக்கு வலது கால் சும்மா இருக்காது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்ள வருபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் பக்கத்து இருக்கையில். பயிற்சி வண்டியில் இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவருக்குப் பிரேக் போட வேண்டும் என்று தோன்றுவதற்குள் இவர் போட்டு முடித்திருப்பார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, அதில் இவருக்கு ஏகப் பெருமை. இவரிடம் படித்தவர்களின் கதை வேறு. ஒரு தையல்கார அம்மா உரிமம் வாங்கி, சொந்தமாகக் காரும் வாங்கி, முதல் நாளே தன் கடை ஷட்டரில் கொண்டுபோய் இடித்தார். நேராக இவரிடம் வந்து நின்றார். "சார், உங்க வண்டி தானா நின்னுச்சே. என் வண்டி மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று நியாயம் கேட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். நான் கத்தியை எடுத்தால் சமையலறை வாசலில் நின்று தரையை அழுத்துவார். பஸ்ஸில் போனால் ஓட்டுநருக்காக வழியெல்லாம் இவர் பிரேக் போட்டுவிட்டு, இறங்கும்போது நொண்டுவார். எங்கள் ஒரே மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது சீட்டைப் பிடித்தவர், அவள் ஒன்பதாம் வகுப்புப் போகும்வரை விடவில்லை. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அவளுக்கு இல்லை. கார் ஓட்டும் வயது வந்ததும் அப்பாவிடம் ஒரு வாரம் படித்தாள். எட்டாவது நாள் நடுரோட்டில் வண்டியை விட்டு இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பிறகு இரண்டு தெரு தள்ளியிருந்த வேறொரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முதல் தடவையிலேயே தேறினாள். அதன்பிறகு இவர் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திக்கொண்டார். அவளும் வேலை கிடைத்ததும் வெளியூர் போய்விட்டாள். வாரம் தவறாமல் போன் செய்வாள், என்னிடம் பேசுவாள், "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்பாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் கையில் கண்ணாடித் தொட்டியோடு வந்து நின்றாள். அலுவலக வேலையாக மூன்று மாதம் தூர தேசம் போக வேண்டுமாம். தொட்டிக்குள் ஒரு பல்லி. நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற ரகம் இல்லை. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், கட்டைவிரல் பருமனுக்கு வால். சிறுத்தைப் பல்லி என்றாள். எனக்குப் பல்லியென்றால் உடம்பெல்லாம் கூசும், சிறுத்தையானாலும் சரி, சாதாவானாலும் சரி.

"பையன்மா. ரொம்ப சாது," என்றவள் இவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, சும்மா சும்மா கையை விடாதீங்க. அவன் பாட்டுக்கு இருப்பான். உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அம்மாவை நம்பி என்று சொல்லவில்லை. உங்களை நம்பி என்றாள். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் போன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "கேட்டியா? என்னை நம்பியாம்," என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். முதல் தடவையே எனக்குக் காது கேட்டது.

மகளின் பழைய அறையில் தொட்டியை வைத்தோம். நான் இரண்டு நாள் தூர நின்று கவனித்தேன். பகல் முழுக்கத் தூக்கம். சாயங்காலம் எழுந்து, தட்டில் புழு வந்துவிட்டதா என்று ஒரு பார்வை. வந்திருந்தால் சாப்பிட்டுவிட்டு, போட்டவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் மறுபடி படுக்கை. மாப்பிள்ளை என்று அன்றைக்கே பெயர் வைத்தேன். அந்தப் புழுக்கள் என் ஃப்ரிட்ஜில், பால் பாக்கெட்டுக்கும் தக்காளிக்கும் நடுவில், ஒரு டப்பாவில் குடியிருந்தன. குளிரில் வைத்தால்தான் நாள்பட இருக்குமாம். நான் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் அவசரத்தில் சாப்பாட்டு டப்பா என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மதியம் மேசையில் வைத்துத் திறந்தபோது, கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ளக் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, வலி நின்றுவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

ஆறாவது வாரம் மாப்பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தார். வயிறு மட்டும் நாளொரு மேனியாகப் பெருத்தது. இவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்றைய பயிற்சி வகுப்புகளை ரத்து செய்துவிட்டு, மாப்பிள்ளையை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு பிராணி வைத்தியரிடம் ஓடினார்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். மாப்பிள்ளையை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கி, அடியிலிருந்து பார்க்கச் சொன்னார். வெளிறிய வயிற்றுத் தோலுக்கு உள்ளே, பெரிய மாத்திரைகள் போல இரண்டு வெள்ளையாகத் தெரிந்தன.

"ரெண்டு முட்டை. இன்னும் பத்து நாள்ல போட்டுடும்."

"பையன் எப்படிங்க முட்டை போடுவான்?" என்றார் இவர்.

"பையன்னு யார் சொன்னாங்க?"

"எங்க பொண்ணு."

"அவங்களுக்கு யார் சொன்னாங்க?"

"வித்தவர்."

டாக்டரம்மா அதற்கு மேல் விசாரிக்கவில்லை. "வாங்கறதுக்கு முன்னாடி கடைல ஆண் பல்லியோட ஒரே தொட்டில இருந்திருக்கும். ஒரு தடவை சேர்ந்தா போதும் சார். மாசக்கணக்கா உள்ளேயே பத்திரப்படுத்தி வெச்சிருந்து, தனக்குத் தோணும்போது முட்டை வைக்கும்."

"மாப்பிள்ளை முழுகாம இருக்கார்," என்று நான் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "அவகிட்ட இப்ப சொல்லாதே. நல்லபடியா முடியட்டும், அப்புறம் சொல்லலாம். நம்மளை நம்பி விட்டிருக்கா," என்றார். உங்களை நம்பி என்பது, விஷயம் கடினமானதும் நம்மை நம்பி என்று ஆகிவிட்டதைக் கவனித்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் பிரசவ ஏற்பாடு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் மாப்பிள்ளை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே ஈரப் பாசியை நிரப்பித் தொட்டிக்குள் வைத்தார். முட்டை போட அது தோண்டிப் பார்த்து இடம் பிடிக்குமாம். தொட்டிக்கு அடியில் ஒரு பக்கம் சூடு தரும் விரிப்பு. புழுக்களைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக ஊட்டினார். எனக்கு வயிற்றில் பிள்ளை இருந்தபோது இந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. சொன்னேன். "உனக்குத் தாகம் எடுத்தா நீயே சொல்லுவே, அதால சொல்ல முடியுமா?" என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி வண்டியில் ஒட்டுகிற சிவப்பு எல் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் ஒட்டினார். முதல் பிரசவம், யாரும் கிட்டே போய் அவசரப்படுத்தக் கூடாது என்றார்.

கிட்டே போய் அவசரப்படுத்தியது ஒரே ஆள்தான். மாப்பிள்ளை டப்பாவுக்குள் போய்ப் பாசியைச் சரக் சரக்கென்று தோண்ட ஆரம்பிக்கும். சத்தம் கேட்டதும் இவர் எங்கிருந்தாலும் ஓடி வந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பார். அது தோண்டுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்க்கும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ பாரு," என்று மூடுவார். அது வெளியே வந்துவிடும். இந்தக் கூத்து தினமும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்து, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டபோது இவர் எட்டி, "நல்லா சாப்பிடறா... சாப்பிடறார், சாப்பிடறார்," என்றார்.

பத்து நாள் போய்ப் பன்னிரண்டாவது நாள். முட்டை வரவில்லை. அது சாப்பாட்டை அறவே நிறுத்தியிருந்தது, வால் மெலிந்துவிட்டது, கண்ணைப் பாதி மூடியபடி ஒரு மூலையில் கிடந்தது. திங்கட்கிழமை மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம்.

"டப்பாவை அடிக்கடி திறந்து பாக்கறீங்களா?"

"எப்பவாவது," என்றார் இவர்.

"மணிக்கு நாலு தடவை," என்றேன் நான்.

டாக்டரம்மா இவரை நிமிர்ந்து பார்த்தார். "சார், யாராவது பாத்துட்டே இருந்தா இது முட்டை போடாது. பயந்து உள்ளேயே அடக்கி வெச்சுக்கும். வியாழக்கிழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள போடலேன்னா வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். இவ்வளவு சின்ன உடம்பு. பிழைக்கும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது. இனிமே டப்பாவைத் திறக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் இவர் சத்தியம் செய்யாத குறையாக, "திறக்க மாட்டேன்," என்றார். திறக்கவும் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கிளினிக்கிலிருந்து வந்து பார்த்தால், மாப்பிள்ளை டப்பாவின் வாசலுக்கு எதிரே, நான்கு காலையும் விறைத்து, முதுகை வளைத்து நின்றுகொண்டிருந்தது. வால் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே போகவில்லை. அதன் பார்வை போன திசையில் பார்த்தேன். வண்டியின் பக்கவாட்டில் வருகிற வாகனம் தெரிவதற்காக ஒட்டுவார்களே, உள்ளங்கை அளவு வட்ட மிரர், அது தொட்டியின் உள்பக்கச் சுவரில், டப்பாவின் ஓட்டைக்கு நேராகப் பளபளவென்று ஒட்டியிருந்தது.

"ஏங்க!"

அந்தக் குரலுக்குப் பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது.

"திறக்கக் கூடாதுன்னாங்க," என்று வந்தார் இவர். "நான் திறக்கலயே. கதவுகிட்ட நின்னு அந்த மிரர்லதான் பாத்தேன். டப்பா உள்ளே வரைக்கும் தெரியுது தெரியுமா? எந்த கோணத்துல ஒட்டணும்னு எனக்குத்தான் தெரியும்."

நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மிரர் ஒட்டியதைச் சொன்னேன். "மேடம், முதல்ல அதை எடுங்க," என்றார். "வாசல்ல இன்னொரு பல்லி சண்டைக்கு நிக்குதுன்னு அது நினைச்சுட்டிருக்கு. வயித்துல முட்டையை வெச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கு."

இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் திட்டுவதற்கு நிறைய இருந்தது, வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மிரரை மட்டும் பிய்த்து எடுத்தேன்.

"கொன்னுட்டேனா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல," என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

புதன்கிழமை கிளினிக்கிற்கு விடுப்பு சொன்னேன். காத்திருக்க வைப்பதில் எனக்குப் பதினாறு வருட அனுபவம். 'உட்காருங்க, கூப்பிடுவாங்க' என்று சொல்லிச் சொல்லியே என் ஆயுளில் பாதி போயிருக்கிறது. காலையில் இவரை வேலைக்குத் துரத்திவிட்டு, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பாசி காய்ந்துவிடக் கூடாது, மாப்பிள்ளை வெளியே இருக்கும்போது ஓட்டை வழியாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கையை உள்ளே விட்டே ஆக வேண்டும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விட்டேன். ஏதோ விரல்மேல் பட்டது. கண்ணைத் திறந்தால் மாப்பிள்ளை தன் முன்னங்காலை என் சுண்டுவிரலின் மேல் வைத்திருந்தது. கடிக்கவில்லை, ஓடவில்லை. களைத்துப்போன பெண்பிள்ளை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நின்றது. அந்த இடத்தில் எனக்குக் கூச்சம் போய்விட்டது. பாவமாக இருந்தது, மிகவும் பாவமாக இருந்தது. "போடிம்மா, போய் வேலையைப் பாரு. யாரும் வர மாட்டாங்க," என்றேன். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இவர் அதற்குள் ஏழு முறை போன் செய்திருந்தார். நான்கு மணிக்கு ஆளே வந்துவிட்டார். சாயங்கால வகுப்புக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். அன்றைக்கு இவருக்குக் கவனம் இல்லை, ஒருவர் தானாகவே பிரேக் போட்டிருக்கிறார், இவர் அதைப் பார்த்துப் பயந்துபோய்விட்டாராம்.

இரண்டு நாற்காலிகளை எடுத்து அறைக்கு வெளியே, மூடிய கதவுக்கு எதிரே போட்டேன். உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே சரக்கென்று ஒரு சத்தம். பிறகு விடாமல் சரக், சரக், சரக்.

இவர் எழுந்தார். நான் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு? நான் கதவுகிட்டதான் போறேன்."

"கதவுகிட்டயும் வேண்டாம். உட்காருங்க."

"தோண்டுதே!"

"தோண்டட்டும்."

ஐந்து மணி ஆயிற்று. நான் சட்டையை விடவில்லை. சத்தம் நின்றது. இவர் என்னைப் பார்த்தார். "நின்னுடுச்சு. ஏதோ ஆயிடுச்சு. போய்ப் பாக்கலாம்மா," என்று கெஞ்சினார். பொய் சொல்ல மாட்டேன், என் கை இடுப்புச் சாவியை ஒரு தடவை தொட்டது. உள்ளே அது செத்துக்கொண்டிருந்து நாம் வெளியே சட்டம் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று பயமாக இருந்தது. "இருங்க," என்று மட்டும் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி சரக் சரக் ஆரம்பித்தது. இருவரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம்.

அப்போதுதான் இவர் பேச ஆரம்பித்தார், கதவைப் பார்த்துக்கொண்டே.

"அவ லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனாளே, அன்னிக்கு நான் போயிருந்தேன்."

"எங்கே?"

"டெஸ்ட் நடக்கற மைதானத்துக்கு. தண்ணி லாரி ஒண்ணு நின்னுட்டிருந்தது. அதுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். ரிவர்ஸ்லயே வளைச்சு எடுக்கச் சொன்னாங்க. ஒரே தடவைல எடுத்தா. கம்பத்துல படவே இல்ல." கையால் வளைத்துக் காட்டினார். "அவ்வளவு நல்லா ஓட்டுவான்னு எனக்குத் தெரியாது. என் வண்டில அவ ஒரு நாளும் ஓட்டலயே. நான்தானே ஓட்டினேன்."

எனக்கு இது தெரியவே தெரியாது. ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். "அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? அங்கேயும் வந்து நின்னீங்களான்னு கேப்பா."

கேட்பாள்தான். எப்போது கையை எடுத்தேன் என்று தெரியாது, கவனித்தபோது சட்டை என் பிடியில் இல்லை. சட்டை கசங்கி ஒரு கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. இவரும் எழுந்திருக்கவில்லை. ஆறு மணி அடித்தது, விளக்கைப் போட்டேன், திரும்பி வந்தேன், அப்படியே இருந்தார். ஏழு மணிக்கு உள்ளே சத்தம் முழுவதுமாக நின்றது. நான்தான், "பாக்கலாமா?" என்றேன். "இன்னும் கொஞ்சம் போகட்டும்," என்றார் இவர். என் காதை என்னால் நம்ப முடியவில்லை.

ஏழேகாலுக்குக் கதவைத் திறந்தோம். மாப்பிள்ளை டப்பாவுக்கு வெளியே, தண்ணீர்க் கிண்ணத்தில் நாக்கை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தது. வயிறு இரண்டு பக்கமும் ஒட்டி, காலிப் பை மாதிரி இருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரைக் குடித்தது. நான் மூடியைத் தூக்கிப் பாசியை மெல்ல விலக்கினேன். அடியில் இரண்டு முட்டைகள், வெள்ளை வெளேரென்று, ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல. புரட்டக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் பாசியை அப்படியே மூடினேன். இவர் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, கண்ணீர் வழிய வழியப் பார்த்தார். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அன்றே மகளுக்குப் போன் செய்தோம். மாப்பிள்ளை பெண் என்று கேட்டதும் அவள் கத்திய கத்தலில் போனைத் தூரப் பிடிக்க வேண்டியிருந்தது. முட்டை, மிரர், வியாழக்கிழமைக் கெடு எல்லாவற்றையும் இவரே சொன்னார், தன் தப்பு எதையும் விடாமல். அவள் குரல் மாறிவிட்டது.

"போடும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லம்மா. கதவை மூடிட்டு வெளியில உட்கார்ந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"மூணே கால் மணி நேரம்."

இணைப்பு போய்விட்டதோ என்று இவர் போனைப் பார்த்தார். பிறகு, "அம்மாகிட்ட குடுங்க," என்று கேட்டது. வாங்கினேன்.

"அம்மா, நிஜமாவா?"

"நிஜம்தான். முதல்ல நான் சட்டையைப் பிடிச்சிட்டிருந்தேன். கடைசி ரெண்டு மணி நேரம் பிடிக்கவே இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்பாகிட்ட குடும்மா," என்றாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்டு நான் போனை இவரிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆசை பிய்த்துக்கொண்டு வந்தது. தண்ணீர் லாரி என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.